கேப் டவுன், க்ரூட் கான்ஸ்டான்சியா: அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

சுருளியாறு

நண்பர்களுக்கு வணக்கம். வேலை காரணமாக மூன்று ஆண்டுகளாக ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறோம். டிசம்பரில் கம்பத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஆறு நாள் கேப் டவுன் பயணம். மேசை மலை, பெங்குவின் கடற்கரை, நன்னம்பிக்கை முனை ஆகியவற்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. க்ரூட் கான்ஸ்டான்சியா திராட்சைத் தோட்டத்தில்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறது.

1685-இல் தொடங்கிய தோட்டம் அது. இன்றும் அங்கே ஒயின் தயாராகிறது. அப்பா நாற்பது ஆண்டுகள் பன்னீர் திராட்சை பயிரிட்டவர். பந்தல் போடுவது, கவாத்து செய்வது, மருந்தடிப்பது என்று கொடிகளுக்கு அடியிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திராட்சை விளைகிற மண் என்று சொன்னதும், மலையை விட்டாலும் இதை விட முடியாது என்கிறார்.

அம்மா வர மறுக்கிறார். அவருடைய அண்ணன், என் தாய்மாமன், குடியால் 41 வயதில் போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டோம். சாராயம் காய்ச்சுகிற இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவதா என்று தொலைபேசியில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. நானும் மனைவியும் குடிப்பதில்லை. போனவர்கள் சொல்லுங்கள்: குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. அவரை விடுதி அறையில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

பழைய பேருந்து

போன ஆண்டு போய் வந்தோம். நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். தோட்டத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு. பழைய வீட்டுக்குப் போகும் பாதையில் பெரிய ஓக் மரங்கள், நல்ல நிழல். பிள்ளைகள் ஓட இடம் இருக்கிறது. உணவகம் உண்டு. டிசம்பரில் தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், வெயில் அடிக்கிறது என்று நம்பிக் கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒயின் சுவைக்கும் அறை தனிக் கட்டடம். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே ஒரு முழு நாளைக் கழிக்கலாம்.

வேலூர் வாசகி

உங்கள் அம்மா பக்கம் நிற்கிறேன், சகோதரரே. எங்கள் தெருமுனையில் கடை திறக்கும் நேரத்துக்கு வரிசையில் நிற்பவர்களைத் தாண்டித்தான் என் மகன் பள்ளிப் பேருந்தில் ஏறுகிறான். குடியைப் பற்றி அவனுக்கு நான் சொல்லித்தர எதுவும் மிச்சமில்லை, கண்ணாலேயே பார்க்கிறான். அதே பொருளை வெள்ளைச் சுவரும் ஓக் மரமும் வைத்து, பாரம்பரியம் என்று பெயர் சூட்டிக் காட்டினால் பிள்ளை மனத்தில் என்ன பதியும்? ஏழை குடித்தால் அசிங்கம், பணக்காரன் குடித்தால் பண்பாடு என்றுதானே? அதைக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக நான் சம்மதிக்க மாட்டேன். மலையும் கடலும் இருக்கின்றன, அவை போதும்.

நாகைக் கடலோரம்

நான் பதினோரு ஆண்டுகளாகக் கேப் டவுனில் இருக்கிறேன். சொந்த ஊர் நாகப்பட்டினம். இந்தத் தோட்டத்துக்குப் பத்து முறையாவது போயிருப்பேன், ஒரு மடக்கு ஒயினும் குடித்ததில்லை. வாசகி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் இங்கே வந்து இறங்கியது. ஆசியாவுக்குப் போய்வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் தண்ணீரும் கொடுக்க ஓர் இடைத்தங்கல். 1659 பிப்ரவரி 2-ஆம் நாள் இங்கே முதல் முறையாகத் திராட்சை பிழிந்தார்கள். 1679-இல் தளபதியாக வந்த சைமன் வான் டெர் ஸ்டெல், மேசை மலையின் தென்புறச் சரிவில் 1685-இல் 763 ஹெக்டேர் நிலத்தை மானியமாகப் பெற்று அதற்குக் கான்ஸ்டான்சியா என்று பெயர் வைத்தார். பின்னாளில் ஆளுநரானார், ஓய்வு பெற்றதும் இங்கேயே வாழ்ந்து 1712-இல் இறந்தார். அதன் பிறகு நிலம் மூன்றாகப் பிரிந்தது. பெரிய வீடு நிற்கும் பகுதிதான் க்ரூட் கான்ஸ்டான்சியா. க்ரூட் என்றால் பெரியது.

இந்த சைமனின் தாய்வழிப் பாட்டி பெயர் மோனிகா. இந்தியக் கரையிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்ற பெண். அவருடைய பேரன் இங்கே அதிகாரியாக வந்து, அடிமைகளை வைத்துத் தோட்டம் போட்டார். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1808-இல் அடிமை வணிகம் தடை செய்யப்படும்வரை கேப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 63,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றோடு இந்தியாவும் ஒரு பெரிய ஊற்று. நாலில் ஒரு பங்கு நம் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்கள். வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை. டச்சுக்காரர்கள் 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து பிற்பாடு கேப் வரைக்கும் வந்தவர்களும் உண்டு.

வந்தவர்களின் பெயரைப் பறித்துவிட்டார்கள். வாங்கிய மாதத்தையோ ஊரையோ பெயராக வைத்தார்கள். செப்டம்பர், பிப்ரவரி என்று ஆட்களுக்குப் பெயர். வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமண்டல் (சோழமண்டலம்) என்று பின்னொட்டு. வான் என்றால் அந்த ஊரிலிருந்து வந்தவர். பதிவேட்டில் ஒருவருடைய பெயருக்குப் பின்னால் கோரமண்டல் என்று பார்த்தால், நம் கரையில் அவருக்கு அம்மா வைத்த பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை.

ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள்: அது ஒயின் செய்த இடம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் அங்கே மண்ணைக் கொத்தியவர்களில் நம் பக்கத்து ஆட்கள் இருந்திருக்கலாம், அவர்களைத் தேடி யாரும் வந்ததில்லை. அதற்காக ஒரு முறை போகலாம்.

பனைநிழல்

நாகை அண்ணன் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் யாழ்ப்பாணத்தவன். மேற்குக் கேப் மாகாணத்தில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் ஆறு ஆண்டுகள் மருத்துவராக வேலை செய்தேன்.

அடிமை முறை 1834 டிசம்பர் 1-ஆம் நாள் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் நான்கு ஆண்டுகள் பயிற்சி வேலை என்ற பெயரில் அதே எசமானிடம் உழைக்க வேண்டியிருந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை, தோட்டக் கூலிகளாகவே நின்றார்கள். கூலியின் ஒரு பகுதியை ஒயினாகக் கொடுக்கும் வழக்கம் இந்த மாகாணத் தோட்டங்களில் இருந்தது. டாப் முறை என்பார்கள். காலையில் ஒரு குவளை, வேலை நடுவில் சில குவளைகள், மாலையில் ஒன்று. விற்க முடியாத மட்டமான ஒயின் ஆளைக் கட்டிப்போடும் கயிறானது. 1960-களில் சட்டம் தடுத்தது, ஆனால் பல தோட்டங்களில் 1990-கள் வரைக்கும் நடந்தது.

கர்ப்ப காலத்தில் தாய் குடித்தால் கருவின் மூளை வளர்ச்சி கெடும். பிறந்த பிறகு அதை மாற்ற மருந்து இல்லை. உலகத்திலேயே இந்தப் பாதிப்பு மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த மாகாணமும் ஒன்று. ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவனுடைய பாட்டி அழைத்து வந்தார். தலைச்சுற்றளவை அளந்தேன். நாடா பிழையாக இருக்குமோ என்று இரண்டாம் தரமும் அளந்தேன். பிழை நாடாவில் இல்லை. அந்தப் பாட்டி பிறந்தது, வளர்ந்தது, வேலை செய்தது எல்லாமே ஒரே தோட்டத்தில்தான்.

பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைச் சுவரைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள். பத்து வயது மகளுக்குப் புரியும்.

வேலூர் வாசகி

நாகை ஐயா, மருத்துவர் ஐயா, இரண்டு பேருடைய பதிலையும் என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். என் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன். இந்தக் கதையைச் சொல்லப் போகிற பெற்றோர் என்றால் போகலாம். வழிகாட்டி சொல்லும் கதையோடு திரும்பி வருகிறவர்கள் என்றால் வேண்டாம். சகோதரரே, உங்கள் அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அண்ணனைப் பறிகொடுத்தவர். அவராக மனம் வைத்தால் வரட்டும்.

சுருளியாறு

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். பஞ்சத்தில் பிள்ளைகளை விற்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, சரி வருகிறேன், ஆனால் பீப்பாய் இருக்கும் இடத்துக்குள் காலடி வைக்க மாட்டேன் என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நாகை அண்ணா, அடிமைகள் பற்றிய அருங்காட்சியகம் நகரத்திலும் இருக்கிறதாமே, அதை முதலில் பார்க்கலாமா?

நாகைக் கடலோரம்

முதலில் அதுதான், தம்பி. ஆடர்லி தெரு முடியும் இடத்தில், கம்பெனித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஸ்லேவ் லாட்ஜ் என்று கேளுங்கள். 1679-இல் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைக்கக் கட்டிய கட்டடம். பக்கத்திலுள்ள சர்ச் சதுக்கத்தில் 11 கருங்கல் பாளங்கள் இருக்கும், அடிமைகளின் பெயர்களைப் பொறித்திருப்பார்கள். அவை நினைவுச்சின்னம் என்று தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளைப் படிக்கச் சொல்லுங்கள். மறுநாள் தோட்டம். ஒரே நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள், அம்மாவுக்கு மூட்டும் தாங்காது, மனமும் தாங்காது.

சுருளியாறு

(ஜனவரி முதல் வாரம்)

போய் வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் நாள் சதுக்கத்தில் மகள் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து விரலால் தடவிப் படித்தாள். மகன் ஒரு கல்லின்மேல் ஏறப் போனான், அவளே இறக்கிவிட்டாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் முன்பதிவு செய்த வாடகைக் கார் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றோம். வேறு கார் பிடித்துப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. ஓட்டுநர் நல்ல மனிதர். தன் பாட்டியின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர் என்று தானாகவே சொன்னார். எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். அம்மா முன்னிருக்கையில் இருந்த அவருடைய முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்பா இறங்கியதும் வீட்டைப் பார்க்கவில்லை, கொடி வரிசைக்குப் போய்விட்டார். கம்பத்தில் பந்தலுக்கு அடியில் குனிந்து நடப்போம், கொத்துகள் தலையில் இடிக்கும். இங்கே பந்தல் கிடையாது. கம்பி கட்டி, வேலி போல வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், இலையெல்லாம் மேல்நோக்கி. பாதையோரமாக நின்று பார்த்தோம், காய்கள் இன்னும் பச்சையாக, பட்டாணியை விடக் கொஞ்சம் பெரியவையாக இருந்தன. அப்பா உட்கார்ந்து தண்டின் அடியைக் காட்டினார். ஒட்டுக் கட்டிய இடத்தில் ஒரு புடைப்பு இருந்தது. 1886-இல் வேரைத் தின்னும் ஃபிலாக்சிரா பூச்சி கேப் பகுதிக்கு வந்து தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் மீண்டார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். நாமும் டாக்ரிட்ஜ் வேரில் கட்டுகிறோமே என்றார். அதற்கு முன்பே, 1859-இல், சாம்பல் நோய் வந்திருக்கிறது. எனக்கு அது வெறும் ஆண்டு. அப்பா அதைக் கேட்டதும் மொத்தத் தோட்டத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் சாம்பல் பூத்த வருஷம் எனக்கும் நினைவிருக்கிறது, பள்ளிக் கட்டணம் கட்ட அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

இந்த ஊரின் பெயரை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது ஓர் இனிப்பு ஒயின். செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு இங்கிருந்து போனது. சர்க்கரை சேர்ப்பதில்லை. பழுத்த கொத்தை அறுக்காமல் கொடியிலேயே விட்டு, பாதி உலர்திராட்சை ஆகும்வரை காத்திருந்து பிழிவார்கள். அப்பாவால் இதை நம்ப முடியவில்லை. பழுத்த கொத்தை வாரக்கணக்கில் கொடியில் விட்டால் ஒரு மழையில் அழுகிப் போகாதா என்று கேட்டார். இங்கே மழை குளிர்காலத்தில்தான், பழம் பழுக்கும் பிப்ரவரி, மார்ச்சில் வறண்ட காற்று என்று அங்கிருந்த பணியாளர் விளக்கினார். ஆண்டுக்கு ஒரே அறுவடை, குளிர்காலம் முழுக்கக் கொடி உறங்கும். கம்பத்தில் இரண்டு, மூன்று அறுவடை எடுப்போம் என்று அப்பா சொன்னதை நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பணியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எந்த மாதம் கவாத்து, கவாத்து முடிந்து எத்தனை நாளில் பூ, எத்தனை நாளில் பழம். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய கான்ஸ்டான்சியா ஒயினுக்குப் பெயர் வாங்கித் தந்தது மஸ்கட் குடும்பத்துத் திராட்சை. எங்கள் பன்னீர் திராட்சையும் மஸ்கட் ஹாம்பர்க்தான். ஒரே வாசனைக் குடும்பம். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒயின் சுவைக்கும் அறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பீப்பாய் வைத்திருந்த பழைய நிலவறைக் கட்டடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. 1778-இல் தோட்டத்தை வாங்கிய ஹென்ட்ரிக் க்ளூட்டே 1791-இல் கட்டியது. முகப்பின் உச்சியில் ஆன்டன் அன்ரைத் என்ற சிற்பி செய்த சுதை வேலைப்பாடு, கழுகும், கிரேக்கக் கதையில் அது தூக்கிப் போன சிறுவன் கானிமீடும் திராட்சையும் குழந்தைகளுமாக. நானும் பிள்ளைகளும் உள்ளே போனோம், அது இப்போது ஒயின் அருங்காட்சியகம். அம்மா சொன்ன சொல் மாறவில்லை. வெளியே நின்று சுதைச் சிற்பத்தை மட்டும் பார்த்தார்.

ஆனால் பெரிய வீட்டுக்குள் வந்தார். 1925-இல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி கட்டிய வீடு. நாற்காலி, பீங்கான் தட்டு, படம் என்று எல்லாம் அழகாக வைத்திருக்கிறார்கள். அம்மா அவற்றையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தபடி கடந்து போனார். அடுக்களைக்கு வந்ததும் நின்றார். அகலமான அடுப்பு மேடை, மேலே பெரிய புகைக்கூண்டு. அந்த அடுப்பின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்து அளந்து பார்த்தார். தன் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்றார். பிறகு மகளைப் பக்கத்தில் நிறுத்தி, இங்கே நின்று சமைத்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார இடம் இருந்திருக்காது, தெரியுமா என்று கேட்டார். மகள் தலையாட்டினாள். நேற்றைய கல்லில் பார்த்த பெயர் ஒன்றைச் சொன்னாள். அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், வாயில் சரியாக வரவில்லை. இது அவள் பெயராக இருக்காது, வேறு ஏதாவது இருந்திருக்கும் என்றார்.

மருத்துவர் ஐயா எழுதியதை மகளிடம் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து சொன்னோம். கூலிக்குப் பதிலாக ஒயின் கொடுத்ததை. அவள் பாட்டியிடம் திரும்பி, உங்கள் அண்ணனுக்கும் அப்படித்தான் கொடுத்தார்களா என்று கேட்டுவிட்டாள். எனக்கு மூச்சு நின்றது. அம்மா கோபப்படவில்லை. இல்லை, அவன் தானாகத்தான் போய் வாங்கினான் என்றார். பிறகு மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நீச்சலில் யாரும் அவரைத் தோற்கடிக்க முடியாதாம், முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மூச்சு விடாமல் போவாராம். 41 வயதுக்கு முந்தைய மாமாவை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

வேலூர் வாசகி

படித்து அழுதுவிட்டேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பழைய பேருந்து

மூட்டுவலிக்கு எப்படி இருந்தது? என் மாமியாரை ஏப்ரலில் அழைத்துப் போக நினைக்கிறேன்.

சுருளியாறு

வீடு வரை தரை சமதளம்தான், அண்ணா. ஓக் மரப் பாதை வழியாகப் பழைய குளியல் குளம்வரை போவது அம்மாவுக்குச் சற்றுத் தூரமாகிவிட்டது, பாதியில் உட்கார்ந்துவிட்டார். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் போகும் நேரத்தில் அறுவடை முடிந்திருக்கும், கொத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே போய்விடுங்கள்.

நாகைக் கடலோரம்

தம்பி, அந்த ஓட்டுநருடைய எண் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்க்க எனக்கு அனுமதி இருக்கிறது. அவர் விரும்பினால், பாட்டியின் பாட்டி பெயரிலிருந்து தேடிப் பார்க்கலாம்.

சுருளியாறு

அனுப்பிவிட்டேன், அண்ணா. அம்மாவும் தினம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.